சத்தமில்லாத வால்வு

கண்ணாடிக்காரர் வால்வைத் தட்டிச் சோதிக்கப் பென்சிலைத் தலைகீழாகப் பிடித்து, அதன் ரப்பர் நுனியை மிக அருகில் கொண்டுபோனார். தட்டவில்லை. நன்றாக இருப்பதைத் தட்டிப் பார்த்து எதற்கு வம்பை விலைக்கு வாங்க வேண்டும் என்று தோன்றியது. பென்சிலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். சனிக்கிழமை மாலை வெயில் ஜன்னல் வழியாக வந்து மேசைமேல் இருந்த இரும்புப் பெட்டியில் விழுந்திருந்தது. பெட்டியின் தலையில் மூன்று கண்ணாடிக் குமிழ்கள். முன்னால் சுண்டுவிரல் உயரத்துக்கு இரண்டு, பின்னால் கொஞ்சம் பருத்த ஒன்று. அந்தக் காலத்து ரேடியோக்களின் வயிற்றுக்குள் இருந்த அதே வால்வுகள்தான். உள்ளே கம்பி சிவந்து சூடேறினால்தான் பாட்டு வரும். ஊரே கைபேசியில் பாட்டுக் கேட்கிறபோது, இவர் மட்டும் ஹெட்போனுக்கென்று தனியாக ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையர் வாங்கி வைத்துக்கொண்டு, விறகடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரைப் போல அது சூடாகிற வரைக்கும் காத்திருப்பார்.

சூடானதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். உள்ளே ஒரு முனகல் இல்லை, ஒரு சீறல் இல்லை. இப்படி ஓர் அமைதிக்காகத்தான் அவர் இத்தனை பாடுபட்டார். இப்போது அது கிடைத்திருக்கிறது, ஆனால் பாட்டைப் போடத்தான் கை வரவில்லை. பக்கத்து அறையில் அக்காவின் கட்டில் மெத்தை சுருட்டிக் கிடந்தது. தையல் மெஷினுக்கு மேல் ஒரு போர்வையைப் போர்த்திவிட்டுப் போயிருந்தாள். நாளைக்கு அக்காவின் மகன் வண்டி அனுப்புகிறான். கட்டிலும் மெஷினும் துணிப்பெட்டியும் ஏறிப் போய்விட்டால், அக்கா மகன் வீட்டுக்குச் சும்மா இருந்துவிட்டு வரப் போயிருக்கிறாள் என்று இனிமேல் யாரிடமும் சொல்ல முடியாது. கண்ணாடிக்காரர் போனில் “சரிப்பா, அனுப்பு” என்று சொல்லிவிட்டார்.

அவருக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. ஏன் என்று கேட்டால் அவருக்கே காரணம் தெரியாது. ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்கட்டில், லென்ஸைத் தேய்த்து ஃபிரேமுக்குள் உட்கார வைக்கிற வேலை. நாள் முழுக்க மெஷின் கீச்சிடும், தண்ணீர் தெறிக்கும், கண்ணாடித்தூள் நகக்கண்ணில் ஏறும். ஊரில் பாதிப் பேருடைய இரண்டு கண்மணிகளுக்கு நடுவில் எவ்வளவு தூரம் என்பது அவருக்கு மனப்பாடம். அந்தப் பாதிப் பேரில் ஒருவருக்கும் அவர் முகம் தெரியாது. முன்கட்டில் சிரித்துப் பேசி விற்பவர்கள் வேறு ஆட்கள். வேலை முடிந்து மாடியேறி வந்தால், காதில் அந்தக் கீச்சொலி கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கழுவி விடுவதற்குத்தான் முதலில் ஹெட்போன் வாங்கினார். அப்புறம் ஒன்றைத் தொட்டு ஒன்றாக இந்த வால்வுப் பைத்தியம் பிடித்துக்கொண்டது.

அக்கா வந்தது அவள் கணவர் தவறிப்போனபிறகு. அவள் ஒரு தையல் கூடத்தில் துணி வெட்டுகிறவளாக இருந்தவள். மேசைமேல் அடுக்கடுக்காகத் துணியைப் போட்டுக் கத்தியை ஓட்டினால் நூல் பிசகாது. நின்று நின்றே இடுப்பெலும்பு தேய்ந்து, வீட்டுக்குள்ளும் செருப்புப் போட்டுக்கொண்டு, வலதுகாலை ஊன்றி இடதுகாலை இழுத்து வைப்பாள். இந்த வீடோ பழைய மேல்மாடி வீடு. பலகைத் தரை. பூனை ஓடினால்கூடப் பலகைக்குத் தெரியும், அக்கா நடந்தால் சொல்லவே வேண்டாம். அவள் வந்த புதிதில் கண்ணாடிக்காரருக்கு அது பிடித்துத்தான் இருந்தது. வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிறது என்று காலுக்குக் கீழே தெரிந்தது. சாப்பிட்டாயா என்று கேட்க ஆள் வந்தாயிற்று. சட்டையில் பொத்தான் இல்லை என்று கண்டுபிடிக்கவும் ஆள் வந்தாயிற்று.

வினை வந்தது வால்வு வழியாக. ஒருநாள் மெல்லிய பாட்டு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, இடதுகாதில் ‘ணிங்’ என்று ஒரு சத்தம். தம்ளரில் கரண்டி பட்டதுபோல. கொஞ்சம் பொறுத்து இன்னொரு ணிங், முன்னதைவிடச் சின்னதாக. பெரியது, சின்னது, பெரியது, சின்னது. ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தால் அக்கா சமையலறையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். சில வால்வுகள் அப்படித்தான். உள்ளே இருக்கிற தகடும் கம்பியும் கொஞ்சம் தளர்ந்துவிட்டால், வெளியே ஏற்படுகிற அதிர்வையெல்லாம் வாங்கி மணியடிக்கத் தொடங்கிவிடும். கண்ணாடிக்காரர் இடது வால்வை வலதிலும் வலது வால்வை இடதிலும் மாற்றிச் செருகினார். மணி வலதுகாதுக்கு மாறியது. ஆக, பெட்டியில் கோளாறு இல்லை, வால்வில்தான். சிரித்துக்கொண்டே அக்காவிடம் சொன்னார். “அக்கா, நீ நடந்தா என் பெட்டி கத்துது.” அவளும் சிரித்துவிட்டு, என் காலைப் பற்றிப் புகார் சொல்ல இது ஒன்றுதான் பாக்கி இருந்தது என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். விட்டால் அவர் கண்ணாடிக்காரர் இல்லை. லென்ஸில் ஒரு மயிரிழை பிசகினாலும் கழற்றி மறுபடி தேய்க்கிற கை அது. பெட்டிக்கு அடியில் வைக்க ஒரு தடித்த ரப்பர் விரிப்பு வாங்கி, நாலு துண்டு வெட்டிப் பாதத்துக்கு ஒன்றாக வைத்தார். மணி நிற்கவில்லை. மீதி ரப்பரை அலமாரியில் போட்டுவிட்டு வால்வை மாற்றக் கிளம்பினார். ஒரு ஜோடி முனகியது. இன்னொரு ஜோடி சீறியது. மூன்றாவது ஒன்று குரலையெல்லாம் தேனில் முக்கி எடுத்ததுபோலக் கொடுத்தது, ஆனால் அதுவும் மணியடித்தது. எந்த வால்வு வந்தாலும் அதைச் சோதிக்க அவரிடம் ஒரே ஒரு கருவிதான் இருந்தது. “அக்கா, கொஞ்சம் சமையலறை வரைக்கும் போயிட்டு வா.” அக்கா எழுந்து போய்விட்டு வருவாள். “இன்னொரு தடவ.” மறுபடி போவாள். இவர் கண்ணை மூடிக்கொண்டு காதுக்குள்ளேயே இருப்பார். அவள் நடுவில் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது அவர் கண்ணில் படவில்லை. மூடிய கண்ணில் எதுதான் படும்?

கடைசியாக ஒரு ஜோடியைக் கப்பல்காரர் கொடுத்தார். கப்பலில் ரேடியோ வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வீடு முழுக்கப் பழைய வால்வுகளைப் பேப்பரில் சுற்றி வைத்திருக்கிற பெரிய உருவம். சத்தம் இனிமையாக இருக்கும், மற்றது உங்கள் பாடு என்று சொல்லித்தான் கொடுத்தார். அன்றைக்கு அக்கா வழக்கம்போல் சமையலறைக்குப் போய்விட்டு வந்தாள். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை போனாள். ஒரு சின்ன ணிங்கூட இல்லை. கண்ணாடிக்காரர் எழுந்தே விட்டார். இனிமே நீ எவ்வளவு வேண்டுமானாலும் நடக்கலாம் என்று அவளிடம் சொன்னார். “நல்லதாப் போச்சு” என்று சொல்லிவிட்டு அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு அவர் மாலைதோறும் கேட்டார். அப்படியொரு சுகம். சாப்பாட்டை அக்கா முன்கூட்டியே மேசைமேல் மூடி வைத்துவிடுவாள். தன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பாட்டில் வைத்துக்கொண்டாள். அவர் ஹெட்போனைக் கழற்றுகிறபோது அவள் உட்கார்ந்த இடத்திலேயே துணி மடித்துக்கொண்டிருப்பாள், அல்லது சும்மா இருப்பாள். அவள் மகனிடமிருந்து போன் வந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். ஒரு மாலை அக்கா அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். எப்போது வந்தாள் என்றே அவருக்குத் தெரியவில்லை. ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினார்.

“நான் போகட்டுமாடா?” என்றாள் அக்கா.

“உன் விருப்பம்க்கா” என்றார் இவர். அவளைக் கட்டிப்போடக் கூடாது என்று நினைத்துத்தான், பெருந்தன்மையாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது பார் என்று சொல்லிவிட்டு அவள் தன் கட்டிலுக்குப் போய்விட்டாள். சில நாளில் மகன் வீட்டுக்குக் கிளம்பிப் போனாள்.

இந்தச் சனிக்கிழமை மாலை, பாட்டுப் போடாமல் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தபோது படியில் தடதடவென்று சத்தம் கேட்டது, அதாவது கேட்டிருக்க வேண்டும். கண்ணாடிக்காரருக்குக் கேட்டது ஹெட்போனுக்குள். ணிங், ணிங், ணிங் என்று கோயில் இல்லாத இடத்தில் கோயில் மணி. அவர் திடுக்கிட்டுப் பெட்டியைப் பார்த்தார். அது எப்போதும்போல் சிவந்து உட்கார்ந்திருந்தது. ஹெட்போனைக் கழற்றுவதற்குள் கதவு தட்டப்பட்டது. கப்பல்காரர்தான். சத்தமில்லாத வால்வு என்று இவர் போனில் ஓயாமல் பீற்றிக்கொண்டதைத் தாங்க முடியாமல், அந்த அதிசயத்தைப் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார்.

கண்ணாடிக்காரர் அவரை நாற்காலியில் உட்கார வைத்து ஹெட்போனை மாட்டிவிட்டார். பிறகு சமையலறைக்கு நடந்தார். திரும்பி வந்தார். கப்பல்காரரின் முகத்தில் ஒரு சிரிப்பு மெல்லப் பரவியது. அவர் விரலை மடக்கி மேசையைத் தட்டிப் பார்த்தார், இவர் சட்டைப் பையிலிருந்த பென்சிலை வாங்கி வால்வின் தலையில் ரப்பரால் லேசாகத் தட்டிப் பார்த்தார், தட்டியவுடன் முகத்தைச் சுளித்து ஹெட்போனைக் கழற்றினார்.

“இதுவா சத்தமில்லாத வால்வு? இவ்வளவு வாயாடுற வால்வ நான் பாத்ததே இல்ல.” கேலியாகத்தான் கேட்டார். “ஏன் சார், இத்தன நாளா இந்த வீட்ல யாருமே நடக்கலையா?”

இரண்டு நாளில் வேறு ஜோடி தேடித் தருவதாகச் சொன்னார். வால்வு பழசானால் திடீரென்று இப்படித் தளர்ந்து போவதும் உண்டு என்று ஆறுதலும் சொன்னார். கண்ணாடிக்காரர் அந்த ஆறுதலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஆமாம், வால்வு இப்போதுதான் தளர்ந்திருக்கும். போன வாரம் வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. கப்பல்காரர் டீ குடித்துவிட்டு, படி அதிர இறங்கிப் போனார்.

கதவைச் சாத்தும்போது, கதவோரம் செருப்பு வைக்கிற பலகையில் அக்காவின் வீட்டுச் செருப்பு கண்ணில் பட்டது. பிய்ந்த வார், உள்ளே ஐந்து விரலும் பதிந்த பள்ளம். மகன் புதுசு வாங்கிக் கொடுத்திருப்பான், இதை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். நாளைக்கு வண்டியில் இதையும் போட்டுவிடலாம் என்று எடுத்தார். செருப்பு கனத்தது. திருப்பிப் பார்த்தார்.

குதிகாலில் ஒரு துண்டு, முன்பாதத்தில் ஒரு துண்டு, இரண்டு செருப்பிலும். அவர் பெட்டிக்காக வாங்கிய அதே ரப்பர். செருப்பின் வளைவுக்கு ஏற்றபடி வளைத்து, ஓரத்தில் பிசிர் இல்லாமல் வெட்டி ஒட்டியிருந்தது. இப்படி வெட்டுகிற கை ஒன்றுதான் அவருக்குத் தெரியும். வலது செருப்பில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு துண்டு. அவள் அழுத்தி ஊன்றுகிற கால் அது. ரப்பர் நன்றாகத் தேய்ந்திருக்கவும் இல்லை. போட்டுக்கொண்டு அதிகம் நடக்கவில்லை என்று அதுவே சொல்லியது.

கண்ணாடிக்காரர் அங்கேயே பலகைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் வால்வைச் சோதிக்கவே இல்லை. வால்வுக்காக அக்காவைத்தான் சோதித்திருக்கிறார், அக்கா தேறிவிட்டாள். தேறியபிறகு தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். மாலைதோறும் அவர் அனுபவித்த சுகமான அமைதி அடுத்த அறையில் ஒரு மனுஷி அசையாமல் உட்கார்ந்திருந்த அமைதி. அதை அவர் கப்பல்காரரிடம் வாங்கியதாக நினைத்து, ஊரெல்லாம் புகழ்ந்துகொண்டிருந்தார். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது, ஏனென்றால் நாளைக்கு வண்டி வருகிறது.

போனை எடுத்தார். அக்காவே எடுத்தாள். பின்னால் குழந்தை ஏதோ கேட்டு அழுதுகொண்டிருந்தது. சாப்பிட்டாயா, கடைக்குப் போனாயா என்று அவள் வழக்கமான கேள்விகளைக் கேட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

“அக்கா, பெட்டி மறுபடி கத்துது.”

“யாருடா நடந்தா? நீ ஒருத்தன்தானே இருக்க.”

“கப்பல்காரர் வந்தார்.” அப்புறம் சொல்லிவிட்டார். “உன் செருப்பப் பாத்தேன்க்கா.”

அக்கா குழந்தையைத் தட்டிக்கொடுப்பது கேட்டது. பிறகு அவள், அந்த ரப்பர் அலமாரியில் சும்மா கிடந்தது, வீணாகப் போகவேண்டாமே என்றுதான் எடுத்தேன் என்று சொன்னாள், திருட்டுக்குச் சமாதானம் சொல்வதுபோல. இவர் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார்.

“எத்தன வால்வுடா மாத்துவ? எனக்கு இடுப்பு வலிச்சுது. இது ஒண்ணு தேறிட்டா நீயும் நிம்மதியா கேப்ப, நானும் உக்காருவேன்னு நெனச்சேன்.” பிறகு, “உனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதானேடா” என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம். அவள் அதை உள்ளதை உள்ளபடி சொல்வதாகச் சொன்னாள். இல்லை அக்கா, அது ஒன்று மட்டும் இல்லை என்று சொல்லக் கண்ணாடிக்காரருக்கு வாய் வரை வந்தது. பழக்கமில்லாத வாக்கியம். அவர்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் அப்படியெல்லாம் பேசி வளர்ந்தவர்கள் இல்லை. சாப்பிட்டாயா என்பதற்குள்ளேயே எல்லாவற்றையும் வைத்துப் பேசி வளர்ந்தவர்கள். தெரிந்த வாக்கியம் ஒன்றைத்தான் தேடிப் பிடித்தார்.

“நீ வந்து ஒரு தடவ நடந்து காட்டுக்கா. நீ நடந்தாத்தான் எனக்கு எதுவும் சரியாத் தெரியும்.”

“நாளைக்கு வண்டி வருதுடா.”

“வரட்டும். நீயும் அதுல ஏறி வா.”

“வந்து?”

அவருக்குப் பதில் இருந்தது, வரிசையாக இருந்தது. வந்து கட்டிலில் மெத்தையை விரி. சத்தமாக நட. பாத்திரத்தைப் போட்டு உடை. “வாக்கா” என்று மட்டும் சொன்னார். அந்தப் பக்கம் மருமகள் ஏதோ கேட்க, அக்கா கையால் போனைப் பொத்திக்கொண்டு பேசியது மங்கலாகக் கேட்டது. அப்புறம் திரும்பி வந்து, பிள்ளை அழுகிறது, வைக்கிறேன் என்று வைத்துவிட்டாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. வரவில்லை என்றும் சொல்லவில்லை.

அவர் லென்ஸ் வேலைக்கு வைத்திருக்கிற மெல்லிய கத்தியை எடுத்து வந்தார். செருப்பு கிழிந்துவிடாமல், ஓரத்தில் கத்தியைக் கொடுத்து, ரப்பரைத் துண்டு துண்டாக உரித்தார். பசை விடமாட்டேன் என்றது. அக்கா எதையும் அரைகுறையாக ஒட்டுகிறவள் இல்லை. கடைசித் துண்டையும் எடுத்தபிறகு செருப்பைத் தரையில் வைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பலகையில் தட்டிப் பார்த்தார். டொக் என்றது. நல்ல சத்தம்.

மறுநாள் காலையில் அவர் கட்டிலைப் பிரித்து வைக்கவில்லை. மெஷின்மேல் இருந்த போர்வையையும் தொடவில்லை. செருப்பைக் கதவுக்கு உள்பக்கம், கால் நுழைக்கத் தோதாகத் திருப்பி வைத்தார். வாயாடி வால்வு இரண்டையும் அழுத்திச் செருகி, அடியிலிருந்த ரப்பரையும் உருவி எறிந்துவிட்டு, பெட்டியின் சுவிட்சைப் போட்டு, அது சிவக்கும்வரை எதிரில் நின்றார். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பாட்டுப் போடவில்லை. ஒலியை மட்டும் கூட்டி வைத்தார். சமையலறையில் ஃபிரிட்ஜ் உதறி நின்றபோது மெல்லிய ஒரு மணி அடித்தது. தெருவில் ஏதோ கனமான வண்டி போனபோது இன்னொன்று. வீடு இவ்வளவு பேசும் என்று அவருக்குத் தெரியாது.

ஜன்னலுக்குக் கீழே ஒரு வண்டி வந்து நின்றது. எஞ்சினை அணைத்தார்கள், கதவைச் சாத்தினார்கள், ஒவ்வொன்றுக்கும் வால்வு பதில் சொல்லியது. எட்டிப் பார்த்திருக்கலாம். அவர் எழுந்திருக்கவில்லை. இந்தப் படி அவர் வீட்டுக்கு மட்டும்தான் வருகிறது. கீழ்ப்படியில் கால்கள் ஏறின. சாமான் தூக்குகிற ஆட்களின் கால்கள், வேகமாக, ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, இரண்டு காதிலும் மணிகள் கலகலவென்று கொட்டின. கண்ணாடிக்காரர் கண்ணை மூடி, ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டார். அந்த இரைச்சலுக்குப் பின்னால், கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வருகிற ஒரு பெரிய மணியும் ஒரு சின்ன மணியும் இருக்கிறதா என்று, மூச்சை அடக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார்.